குளிர் கழித்துத் தைத்த கோட்டு

என் தம்பி ஜெயராஜ் தையல்கடைப் பொம்மைக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தான்.

பொம்மைக்குத் தலை கிடையாது. கழுத்துக்கு மேலே ஒரு மரக்குமிழ் மட்டும் இருந்தது. தாலிக்குப் பதில் அளவு டேப். அதை இரண்டு கைகளிலும் பிடித்து, பொம்மையின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய், பின்னால் ஒரு முடிச்சுப் போடவேண்டும். கைகள் பொம்மையின் தோள்வரை போயின. அதற்கு மேல் போகவில்லை. புதுக் கோட்டின் முதுகு பலகைபோல விறைத்தது. நடுப்பொத்தானைச் சுற்றிப் பெருக்கல் குறி போட்டதுபோலச் சுருக்கங்கள் விழுந்தன.

“இன்னுங் கொஞ்சம் எட்டு” என்றார் தையல்காரர் விக்டோரியா அக்கா.

எட்டினான். முதுகில் எங்கோ ‘டிர்ர்’ என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

“போதும், போதும். அப்படியே நில்லு. மூச்சு விடாத.”

“மூச்சு விட்டே ரொம்ப நேரமாச்சுக்கா” என்றான் ஜெயராஜ்.

மே மாதத்தின் ஒரு பிற்பகல். கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூரில், டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே விக்டோரியா அக்காவின் கடை. வெளியே சீசன் கார்கள் ஒன்றையொன்று முட்டுவதுபோல நின்றிருந்தன. மறுநாள் காலை தம்பிக்குக் கல்யாணம்.

போன வாரம் இந்தப் பத்தியில், நான் நிருபராக இருந்தபோது மலைப்பாதையில் மண் சரிந்த செய்தியைச் சேகரித்த கதையை எழுதியிருந்தேன். ஒரு வாசகர், ‘ஊர்ச் செய்தியெல்லாம் சரி, உங்கள் வீட்டில் ஒன்றுமே நடக்காதா?’ என்று கேட்டிருக்கிறார். நடக்கும். சில வருடங்களுக்கு முன்னால் அந்தத் தையல்கடையில் நடந்ததைப்போல ஒரு விறுவிறுப்பை நான் எந்தச் செய்திக்கும் போய்ப் பார்த்ததில்லை.

கோட்டும் தாலியும்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொள்வார். பீடத்தின் முன்னால் நின்று தாலியும் கட்டுவார். இந்த இரண்டையும் ஒரே உடம்பில் சேர்த்து வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. கோட்டு என்பது கையைத் தொங்கப்போட்டு நிற்பதற்கான உடை. தாலி கட்டுவதோ இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வளைத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலால் செய்யவேண்டிய வேலை.

சாதாரண மாப்பிள்ளைகள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். என் தம்பி சாதாரண மாப்பிள்ளை இல்லை.

படிப்பை நிறுத்திய பிறகு அவன் பேத்துப்பாறையில் லோடுமேனாக இருந்தான். பூண்டு மூட்டை, உருளைக்கிழங்கு மூட்டை, கேரட் மூட்டை. காட்டிலிருந்து தூக்கி வந்து வேனில் ஏற்றுவது சோலி. அப்புறம் அட்டுவம்பட்டியில் ஒரு ஜிம்மில் சேர்ந்து, அங்கேயே பயிற்சியாளர் ஆனான். மூட்டை அஸ்திவாரம் போட்டுக் கொடுத்தது, ஜிம் அதன்மேல் மாடி கட்டியது. கழுத்து என்று தனியாக எதுவும் தெரியாது. காதுக்குக் கீழிருந்து நேராகத் தோள் இறங்கும். நெஞ்சும் முதுகும் விரிந்து, இடுப்புக்கு வரும்போது சட்டென்று ஒடுங்கிவிடும். கடையில் வாங்கும் எந்தச் சட்டையும் மேலே பிடிக்கும், கீழே பறக்கும்.

“கோட்டக் கழட்டி வச்சுட்டு வெறுஞ் சட்டையோட கட்டிட்டா என்ன?” என்று நான்தான் கேட்டேன். கேட்ட உடனே எனக்கே பதில் தெரிந்தது. ஜெயராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுடைய முகத்தில் அவ்வளவு பயத்தை நான் பார்த்ததில்லை.

மூணு உருப்படி

மணப்பெண் லில்லியின் அப்பா சவரிமுத்து மாமா, ஒரு விடுதியில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அளந்து பேசுபவர். லில்லி தன் விருப்பத்தை வீட்டில் சொன்னபோது அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாராம்: “மூட்டை தூக்குறவனுக்கு எம் பிள்ளையக் குடுக்க மாட்டேன்.”

அந்த வாக்கியம் இரண்டு வருடம் அப்படியே நின்றது. ஜெயராஜ் ஜிம்முக்கு மாறினான். அவர் மாறவில்லை. “அங்கயும் தூக்கத்தான செய்யிறான்?” என்றார்.

ஒருநாள் திடீரென்று அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பொட்டலம். மதுரைக்குப் போய் அவரே பார்த்து எடுத்த கோட்டுத் துணி. அடர் நீலம். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மெல்லிய கோடுகள். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் கோட்டுத் துணி பெண் வீட்டுச் சீர். சரி என்று அவர் வாயால் சொல்லவில்லை. துணியை அம்மாவின் கையில் கொடுத்தார்.

“மூணு உருப்படி. கோட்டு, பேண்ட்டு, வெயிஸ்ட் கோட்டு. கொற வைக்கக் கூடாது” என்றார். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆக, அந்தக் கோட்டுதான் அவருடைய சம்மதம். அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தாலி கட்டினால், அவருடைய சம்மதத்தை எல்லோர் முன்னாலும் கழற்றி வைத்ததாகும். போட்டுக்கொண்டு கட்டி, முதுகு கிழிந்தால் அது இன்னும் மோசம். எந்த உடம்பைச் சொல்லி இரண்டு வருடம் மறுத்தாரோ அந்த உடம்பு, அவர் எடுத்துக் கொடுத்த துணியைக் கிழித்துக்கொண்டு பீடத்தின் முன்னால் வெளியே வரும்.

உள்ளே எத்தனை?

தப்பு எப்படி நடந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் என்னால் இருக்க முடியாது. அது பழகிப்போன புத்தி. அளவு எடுத்தது தை மாதக் குளிரில். நடுவில் தவக்காலம். அந்த நாற்பது நாளில் எங்களில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ட்ரையலுக்கு வரச் சொல்லி விக்டோரியா அக்கா இரண்டு தடவை போன் செய்திருக்கிறார். “நீங்க தச்சா சரியாத்தான்க்கா இருக்கும்” என்று இவன் ஐஸ் வைத்துத் தப்பித்திருக்கிறான்.

கொடைக்கானல் தையல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கீழ்நாட்டில் சட்டைமேல் அளவெடுப்பார்கள். இங்கே குளிர்காலத்தில் யாரும் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. அளவெடுக்க நிற்பவரிடம் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார். அதனால் ஸ்வெட்டருக்கு மேலேயே டேப்பைச் சுற்றி அளந்து, உள்ளே இருப்பதற்குத் தகுந்தாற்போல் அங்குலம் குறைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் ‘குளிர் கழிக்கிறது’. ஒரு ஸ்வெட்டருக்கு இவ்வளவு, இரண்டுக்கு இவ்வளவு என்று அவரவர் கைக்கணக்கு.

“ஏலே, அன்னைக்கு ஒங்கிட்ட நான் கேட்டேனா இல்லையா, உள்ள எத்தன போட்டிருக்கன்னு?” என்றார் விக்டோரியா அக்கா.

“கேட்டீங்க.”

“நீ என்ன சொன்ன?”

“ரெண்டுன்னு.”

“எது எது ரெண்டு?”

“ஒரு பனியன், ஒரு டி-சர்ட்டு.”

விக்டோரியா அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “அடப்பாவி. நான் ரெண்டு ஸ்வெட்டருக்குல்ல கழிச்சேன்.”

“எத்தனன்னுதான கேட்டீங்க. எதுன்னு கேக்கலயே.”

“பனியன எவனாச்சும் கணக்குல சேப்பானா? உப்பிக் கெடந்தத பாத்து, பாவம் குளிர் தாங்காத பய, உள்ள அள்ளிப் போட்டுட்டு வந்திருக்கான்னு நெனச்சேன். எல்லாம் கறின்னு எனக்கு எப்பிடிடா தெரியும்?”

ஆக, இல்லாத இரண்டு ஸ்வெட்டரை என் தம்பியின் உடம்பிலிருந்து கழித்துவிட்டுக் கோட்டு தைக்கப்பட்டிருந்தது.

உள்தையலில் துணி விட்டிருப்பாரே, பிரித்துவிட்டால் போதுமே என்று கேட்டேன். விக்டோரியா அக்காவுக்குப் பெரிய வருமானம் விடுதிப் பள்ளிப் பிள்ளைகளின் பிளேசர்கள்தான். அதில் ஓரத்திலெல்லாம் தாராளமாகத் துணி மடித்து வைப்பார். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம்.

“அது வளர்ற பிள்ளைக்கு வைக்கிறது. கல்யாண மாப்பிள்ளைக்கு எதுக்கு வளர்த்தி? ஒட்டத் தச்சாத்தான் எடுப்பா இருக்கும்னு ஒட்டத் தச்சேன்” என்றார். “என் கையில தச்ச கோட்டு இன்னைக்கு வரைக்கும் ஒன்னு திரும்பி வந்ததில்ல, தெரியும்ல?”

“இதுவும் திரும்பி வரலயே. கடைய விட்டு இன்னும் போகவே இல்லயே” என்றான் ஜெயராஜ்.

கத்தரி

முதலில் தோளைப் பிரித்தார். உள்ளே வைத்திருந்த பஞ்சுப் பட்டைகளைப் பிடுங்கி மேசைக்கு அடியில் எறிந்தார். “ஒனக்கு எதுக்கு இது? ஒங்கம்மா வச்சே அனுப்பியிருக்கா.” பட்டை போனதும் தோள் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது. கைகள் ஒரு விரல்கடை தூரம் கூடுதலாகப் போயின. பொம்மையின் காதுவரை, காது என்று ஒன்று இருந்திருந்தால்.

“கைக்குழிய இன்னும் பெருசா வெட்டி விடுங்கக்கா” என்றான் ஜெயராஜ்.

“பெருசாக்குனா நீ கையத் தூக்கும்போது மொத்தக் கோட்டும் கூடவே மேல வரும். வயித்தக் காட்டிக்கிட்டா தாலி கட்டப்போற? பேசாம நில்லு.”

பக்கத் தையலை மேலிருந்து கீழ்வரை பிரித்துத் துணி சேர்த்தால் நெஞ்சு சரியாகும், இடுப்பில் கோட்டு சாக்குபோலத் தொங்கும். வேண்டியது அக்குளில் அகலமாகத் தொடங்கி இடுப்புக்கு வரும்போது ஒன்றுமில்லாமல் முடிகிற ஒரு துண்டு. இரண்டு பக்கமும். அங்கிருந்து கையின் அடிப்பக்கத்திலும் ஒரு பட்டை ஓடவேண்டும். அதே துணி, அதே நீலம், அதே கோடு. மிச்சத் துணி என்று கடையில் இருந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிம்பு.

மதுரைக்கு ஆள் அனுப்பலாமா என்று யோசித்தோம். சீசன் நெரிசலில் மலையிறங்கி ஏறி வருவதற்குள் கல்யாணப் பூசையே முடிந்துவிடும்.

விக்டோரியா அக்கா கொக்கியில் தொங்கிய வெயிஸ்ட் கோட்டை, கோட்டுக்குள்ளே போடுகிற அந்தக் கையில்லாத சட்டையை, பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். நான் பார்த்ததை ஜெயராஜும் பார்த்தான்.

“வேணாம்க்கா” என்றான்.

“முன்பக்கம் ரெண்டும் அதே துணி. பின்பக்கம் லைனிங்கு. மேலுக்கும் ஆச்சு, உள்ளுக்கும் ஆச்சு.”

“மூணு உருப்படின்னு சொல்லிக் குடுத்தாரு அவரு.”

“மூணு உருப்படியும் போட்டுக்கிட்டுப் பொம்ம மாதிரி நிக்கப்போறியா, ரெண்டு போட்டுக்கிட்டுத் தாலி கட்டப்போறியா?”

அப்போது ஜெயராஜின் போன் அடித்தது. லில்லி. ஸ்பீக்கரில் போட்டான்.

“கோட்டு வந்துருச்சா? அப்பா காலைல இருந்து கேட்டுக்கிட்டே இருக்காரு.”

“வந்துருச்சு. கொஞ்சம் இறுக்கமா இருக்கு.”

“எவ்ளோ கொஞ்சம்?”

“ஒங் கழுத்து வரைக்கும் கை வரல.”

லில்லி நிதானமாகச் சொன்னாள்: “எதையாச்சும் செய்ங்க. ஆனா கோட்டு இல்லாம வந்துறாதீங்க. நாஞ் சொல்றது புரியுதுல்ல?”

போனை வைத்தான். கொக்கியிலிருந்து வெயிஸ்ட் கோட்டை அவனே எடுத்து மேசைமேல் வைத்தான். “வெட்டுங்கக்கா.”

“வெட்டுனா வெட்டுனதுதான். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“வெரசா வெட்டுங்க, நான் மனசு மாறுறதுக்குள்ள.”

கத்தரி புதுத்துணியில் ஓடுகிற சத்தம் சின்னதுதான். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டோம்.

ஒரு சம்பிரதாயம் பிறக்கிறது

துண்டுகள் வெட்டியாகிவிட்டன. கோட்டு பக்கவாட்டில் திறந்து கிடந்தது. விக்டோரியா அக்கா கோட்டின் கோடும் துண்டின் கோடும் ஒரே நேராக ஓடும்படி குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். அப்போது ரோட்டில் ஒரு கார் ஹாரன் அடித்தது. நான் எட்டிப் பார்த்தேன்.

சவரிமுத்து மாமா, கையில் பூ வாங்கிய பையோடு, ரோட்டைக் கடக்கக் காத்து நின்றார்.

செய்தித்தாளில் இருந்த வருடங்களில், நெருக்கடியில் நிதானம் தவறாத ஆட்களைப் பார்த்திருக்கிறேன். விக்டோரியா அக்காவைப்போல ஒருவரைப் பார்த்ததில்லை. மேசையில் கிடந்ததையெல்லாம் ஒரே வாரலில் பிளேசர் குவியலுக்கு அடியில் தள்ளினார். ஜெயராஜை டிரஸ் மாற்றும் திரைக்குப் பின்னால் தள்ளினார். திரை அவனை முழுசாக மறைக்கவில்லை. ஒரு தோள் வெளியே நின்றது. அதன்மேல் ஒரு பாவாடையைத் தொங்கவிட்டார். போய் வாசலை மறித்து நின்றார்.

“என்னம்மா, கோட்டு ஆச்சா? ஒரு பார்வ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார் மாமா.

“ஐயையோ. பாக்கக் கூடாதுங்க.”

“ஏன்?”

“மாப்பிள்ளக் கோட்ட மொத நாளு பொண்ணு வீட்டாளுக பாக்கக் கூடாது. ஆகாதுங்க.”

“அப்பிடி ஒரு மொறை இருக்கா?”

“இருக்குங்களே. எல்லாரும் செய்யிறதுதான. நீங்க விடுதியிலயே இருந்துட்டீங்க, ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

சவரிமுத்து மாமா என்னைப் பார்த்தார். “ஆமாங்க மாமா” என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, கண்ணைக் கடைக்குள் விடாமல் ரோட்டைப் பார்த்துப் பேசினார். “அப்பச் சரி. நாளைக்கு வெள்ளனே வந்துருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். திரைக்குப் பின்னால் ஜெயராஜ் மெதுவாக இருமினான்.

அந்த முறையை விக்டோரியா அக்கா அந்த நிமிடத்தில் வாசலில் நின்று உண்டாக்கினார். வேடிக்கை என்னவென்றால், மாமா அதைத் தன் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில், பெண் பக்கமாகப் போயிருந்த என்னை ஒரு அம்மாள் மாப்பிள்ளை அறையின் வாசலிலேயே நிறுத்திவிட்டார். கோட்டு தொங்குதாம், நான் பார்க்கக் கூடாதாம். பழைய வழக்கமாம்.

கைகள் சுற்றி வந்தன

இருட்டுவதற்கு முன் கோட்டு ஒன்று சேர்ந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தபோது ஈரத்துணியும் சூடும் கலந்த வாசம் கடை முழுக்க எழுந்தது. ஜெயராஜ் போட்டுக்கொண்டான். பொத்தானைச் சுற்றி இருந்த பெருக்கல் குறி காணாமல் போயிருந்தது. நெஞ்சில் படிந்து இறங்கிய துணி இடுப்பில் ஒட்டி நின்றது. கையைத் தொங்கப்போட்டால் துண்டு வைத்த இடமே தெரியவில்லை.

“கட்டு” என்றார் விக்டோரியா அக்கா.

டேப்பை எடுத்துக்கொண்டு பொம்மையின் முன்னால் நின்றான். கைகள் தோளைத் தாண்டின. கழுத்தைச் சுற்றின. பின்னால் போய்ச் சந்தித்தன. விரல்கள் முடிச்சுப் போட்டன, ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு சத்தமும் இல்லை.

பொம்மையை இடுப்போடு அணைத்துத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். “ஏலே, கீழ வைய்யி, அது கால் ஒடஞ்சுரும்” என்று அதட்டிய விக்டோரியா அக்காவையும் அடுத்துத் தூக்கிவிடுவானோ என்று இருந்தது. நான் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

பீடத்தின் முன்னால்

மறுநாள் காலை கோயிலில் பனி ஜன்னல்வரை வந்து நின்றது. மாப்பிள்ளையின் அக்கா என்ற முறையில் நான் லில்லிக்குப் பின்னால் நின்றேன். கடைசி முடிச்சு என்னுடையது.

சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுத்தார். ஜெயராஜ் வாங்கினான். லில்லியின் தோளுக்கு மேலாக இரண்டு நீலக் கைகள் என்னை நோக்கி வந்தன. நான் இருந்த இடத்திலிருந்து அக்குள் தையல் நன்றாகத் தெரிந்தது. துணி இழுபட்டது. கோடுகள் லேசாக விரிந்தன. தையல் விடவில்லை. அவன் இரண்டு முடிச்சுப் போட்டான். மூன்றாவதை நான் போட்டேன். என் கை வேர்த்திருந்ததால் நூல் வழுக்கியது.

கோயில் முகப்பில் படம் எடுக்கக் கூட்டம் கூடியது. சவரிமுத்து மாமா மாப்பிள்ளைக்கு நேர் எதிரே வந்து நின்றார். மேலிருந்து கீழாகப் பார்த்தார். பொத்தானுக்கு மேலே வெள்ளைச் சட்டை தெரிந்த இடத்தில் அவருடைய பார்வை நின்றது.

“மூணாவது உருப்படி எங்க?”

விக்டோரியா அக்கா வாயைத் திறந்தார். இன்னொரு சம்பிரதாயம் வருவதற்குள் ஜெயராஜ் தன் இடது கையைத் தூக்கினான். “இங்க இருக்குங்க மாமா.” வலது கையையும் தூக்கினான். “மிச்சம் இங்க.”

மாமா பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்து, துண்டு வைத்த தையலில் விரலை ஓட்டினார். கோட்டின் கோடும் துண்டின் கோடும் சேரும் இடத்தில் விரல் நின்றது. பிறகு அந்தப் பக்கம் போய் அதையும் பார்த்தார். லில்லி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுடைய வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது.

அவர் நிமிர்ந்தார். தன் மனைவி பக்கம் திரும்பினார்.

“ஆரோக்கியம், கொற எம் பேர்லதான். மாப்பிள்ள ஒடம்பப் பாக்காம துணி எடுத்துட்டேன். மூணுக்குப் பத்தல.”

ஜெயராஜ் கைகளை இறக்கப் போனான்.

“எறக்காதீங்க மாப்ள. அப்பிடியே நில்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போட்டோக்காரரைக் கைகாட்டி அழைத்தார்.

அந்தப் படம்தான் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. போலீசிடம் பிடிபட்டவன்போல என் தம்பி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். லில்லி சிரிப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் சவரிமுத்து மாமா, விறைப்பாக, மருமகனின் அக்குளைச் சுட்டிக்காட்டுகிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி வருவதற்கு முன் அந்தப் படத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். “இந்தா, இந்த எடம் பாத்தீங்களா? அது நான் எடுத்த துணி” என்பார்.